திரைக்கேற்ற சுவர்

மட்டமான பொருள் எதைக் கண்டாலும் அக்காவுக்கு உடம்பு கூசும். போன இடத்தில் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதை ஒரு முறை ஆட்டிப் பார்ப்பாள். ஆடினால், நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவாள். வீடோ கடையோ கட்டி முடிவதற்கு முன்பே அதன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாகச் செய்து காட்டுவது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். மேஜைக்குக் கீழே பெரிய கம்ப்யூட்டர், மேலே நிறத்தை இம்மி பிசகாமல் காட்டும் மானிட்டர். அந்த மானிட்டரில் விரல் வைத்தவர்களை அவள் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

தம்பியும் அவளோடுதான் வேலை செய்தான். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அவள் எழுந்தால்தான் அவன் உட்கார முடியும், அவளோ லேசில் எழுந்திருக்கிற ஆள் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் ஒருநாள் வாயைத் திறந்தான்.

"அக்கா, நானே ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

"கேமிங்கா? விளையாடவா போறே?"

"விளையாட்டுக்கு என்ன கிராபிக்ஸ் கார்டோ, நம்ம வேலைக்கும் அதேதான்க்கா. டெஸ்க்டாப்புக்குப் பதிலா வெச்சுக்கிற மாதிரி பெருசு. விலையும் கைக்கு அடக்கமா இருக்கு."

"விலை மட்டும்தான் கைக்கு அடக்கம். சாமான் அடங்காது."

அவனோடு கடைக்கு அவளும் போனாள். வாங்க உதவுவதற்கு அல்ல, தடுப்பதற்கு. விற்பனையாளர் மூடியைத் திறந்ததும் கீபோர்டு முழுக்கச் சிவப்பும் நீலமுமாக ஓட ஆரம்பித்தது. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கட்டைவிரலால் கீபோர்டின் நடுவில் அழுத்தினாள். அது உள்ளே போய் வந்தது. சார்ஜரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதை வெச்சு ஒரு சுவரே கட்டலாம்."

"மேடம், இந்த விலைக்கு இந்த கார்டு வேற எதுலயும் வராது" என்றார் விற்பனையாளர்.

"ஏன் வராதுன்னு யோசிச்சீங்களா? கார்டுக்குக் கொடுத்துட்டு மத்த எல்லாத்துலயும் கை வெச்சிருக்கான்."

தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. வேகம் இருக்கிறது, பெரிய திரை இருக்கிறது, அடியில் திருகைக் கழற்றி மெமரி கூட்டிக்கொள்ளலாம் என்றான். தூக்கினால் தோள் இறங்கும், சார்ஜ் நிற்காது, கத்தும், சுடும் என்றாள் அவள். பிறகு பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, தான் செய்த படம் ஒன்றை அதில் திறக்கச் சொன்னாள். ஒரு பல் டாக்டரின் புதுக் கிளினிக்குக்காகச் செய்தது. சுவருக்கு இளம்பச்சை போட்டிருந்தாள். இந்தத் திரையில் பச்சையைக் காணோம். பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது.

"கண்ணு இருக்கா உனக்கு?"

"கலரை உன் மானிட்டர்ல பார்த்துக்கலாம்க்கா" என்றான் தம்பி. சொல்லிவிட்டு வாங்கியும் விட்டான்.

அது சாப்பாட்டு மேஜையில் குடியேறியது. வேலை கொஞ்சம் கனத்தால் போதும், உள்ளேயிருக்கும் விசிறி இரைய ஆரம்பித்துவிடும். குளித்துக்கொண்டிருந்த அவள் கணவர், மிக்ஸியை நிறுத்தச் சொல்லி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். போனில் யார் கிடைத்தாலும் அக்கா இதைத்தான் சொன்னாள்: "தம்பி ஒரு ஹீட்டர் வாங்கியிருக்கான். அதுல படமும் தெரியுது."

இதற்கிடையில் பல் டாக்டரின் வேலை இழுத்துக்கொண்டே போனது. அந்த அம்மாள் எந்தப் படத்துக்கும் சரி என்று சொல்வதில்லை. வரவேற்பு மேஜையைக் கொஞ்சம் தள்ளுங்கள் என்பார். தள்ளி அனுப்பினால், இவ்வளவு தள்ளச் சொல்லவில்லை என்பார். மனதில் என்னதான் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை என அக்கா முடிவு கட்டியிருந்தாள்.

"நான் நேர்ல எடுத்துட்டுப் போய்க் காட்டறேன்" என்றான் தம்பி.

அக்காவும் கிளம்பினாள். அந்த லேப்டாப்பின் மானம் நாலு பேர் முன்னால் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஆசை வீணாகவில்லை. கிளினிக்கில் எங்கும் சிமெண்ட் தூசி. ஒரு ஸ்டூலில் டாக்டர் உட்கார, அவருக்கு எதிரே பலகைமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தான். பேச்சு சூடு பிடிப்பதற்குள் சார்ஜ் தீரப்போவதாக எச்சரிக்கை வந்தது. அந்த இடத்தில் இருந்ததே ஒரு பிளக் பாயிண்ட்தான். டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவர் முணுமுணுத்தபடி தன் மெஷினைப் பிடுங்கி இடம் கொடுத்தார். விசிறி இரைந்தது.

"நான் பல்லுல போடற டிரில்லே இவ்வளவு கத்தாது" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

தம்பி கண்டுகொள்ளவில்லை. "மேஜை எங்க வரணும், கையால காட்டுங்க டாக்டர்" என்றான். அவர் காட்டினார். திரையில் மேஜை நகர்ந்தது. இன்னும் என்றார், இன்னும் நகர்ந்தது. கதவு வழியாக நுழைந்து வருகிற ஆளின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார், படத்துக்குள்ளேயே கதவுப் பக்கம் போய் நின்று காட்டினான். வாரக்கணக்கில் இழுத்த சமாசாரம் வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா தன் டீயைத் தொடவில்லை.

"எல்லாத்தையும் விட இந்தச் சுவர் கலர்தான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் டாக்டர். "போன தடவை ஒரு பச்சை போட்டு பிரிண்ட் அனுப்பினீங்களே, அது கண்ணைப் பிடுங்குச்சு. இது அமைதியா இருக்கு."

"இதுவும் அதே பச்சைதான் டாக்டர்" என்றாள் அக்கா. "திரை மட்டம். கலரைச் சரியா காட்டாது."

"எனக்குப் பச்சையா தெரியலையே."

"அதைத்தான் சொல்றேன். தப்பாத் தெரியுது."

"தப்பாவே இருக்கட்டும். எனக்கு இதுதான் வேணும்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை படித்து டாக்டராகி, கடைசியில் கழுநீர் நிறத்துக்கு ஆசைப்படுகிற ஆளிடம் என்ன பேசுவது?

ஆனால் அந்த நிறத்துக்கு எந்தப் பெயிண்ட் கம்பெனியின் கலர் அட்டையிலும் நம்பர் கிடையாது. அந்த ஒரு திரையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. பெயிண்ட் அடிக்கும் நாள் வந்தபோது தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனான். இந்த அநியாயத்தையும் பார்த்துவிடலாம் என்று அக்கா பின்னால் போனாள். பெயிண்டர் வாளியில் கலந்து, சுவரில் ஒரு கை தீற்றிக் காயவிட்டு, திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"சார், மூடியை அசைச்சா கலர் மாறுது. எந்தச் சாய்வுல பார்த்தது?"

தம்பி திருதிருவென்று விழித்தான். கடைசியில் டாக்டருக்கே ஆள் போனது. அவர் கையுறையோடு வந்து பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பின்னாடி சாய்ங்க. இன்னும். போதும், இதேதான்."

மூடி நகராமல் இருக்க, பின்னால் ஒரு பெயிண்ட் டின்னை முட்டுக் கொடுத்தார்கள். ஒரு டாக்டர், ஒரு பெயிண்டர், தன் கூடப் பிறந்தவன் என்று மூன்று பேர் ஒரு மட்டமான திரைமுன் கைகட்டி நின்றதை அக்கா வாசலில் இருந்து பார்த்தாள்.

"ஒண்ணுக்கும் உதவாத திரைக்குச் சுவரை ஒத்துப்போக வைக்கிறீங்க. இந்தக் கூத்துக்கு நான் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

கிளினிக் திறந்தது. அவள் போகவில்லை. தம்பிக்கு வேலைமேல் வேலை வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடம் இடமாகத் திரிந்தான். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதாக அவள் கணவரிடம் சொன்னாள். அப்புறம் ஒருநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். கடையைப் புதுப்பிக்கப்போகிறாராம்.

"பல் டாக்டர் கிளினிக் சுவர்ல ஒரு கலர் இருக்கு பாருங்க. அதே வேணும். சாம்பலும் இல்லாம, பச்சையும் இல்லாம. அங்க போய் உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வரலை."

பல்லுக்குப் போகிறவரை எழுந்திருக்க விடுவார்களா என்று அக்கா கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மறுநாள் கிளினிக்குக்குப் போய், டாக்டர் கண்ணில் படாமல் சுவரை முறைப்படி படம் எடுத்து வந்து, தன் மானிட்டரில் போட்டாள். அந்த மானிட்டர் பொய் சொல்லாது. வெகுநேரம் பார்த்தாள். அசிங்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். கண்ணாடிக் கடையின் நாலு சுவருக்கும் அதையே போட்டு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"மேடம், பிரமாதம். உங்க கைவண்ணமே தனி."

தன்னைப் போய் அந்த நிறத்தோடு சேர்த்துவிட்டாரே என்று அவளுக்குச் சுருக்கென்றது. "இது நான் போட்ட கலர் இல்ல. எல்லாம் என் தம்பி போட்டது. வேணும்னா அவனையே கேளுங்க" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். பையை இறக்கி வைத்தவன் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போகவில்லை. முன்னறை வாசலிலேயே நின்றான்.

"அக்கா, கண்ணாடிக் கடைக்காரர் பேசினார். எல்லாம் தம்பி போட்டதுதான்னு நீயே சொன்னியாமே."

அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும், அது வேறு அர்த்தத்தில் சொன்னது என்று விளக்க வந்த வாய் அப்படியே நின்றது.

"ஆமா, சொன்னேன்" என்றாள். "கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."