மாதிரி வாசகி

1

இதழ் அச்சுக்குப் போக இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இதழாசிரியரிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வாய் வரவில்லை. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: 'இசை இளைஞர்களின் உயிர்.' அடித்துவிட்டேன். அது எங்கள் விளம்பரத்தில் வருவது.

2

நான் இயற்பியல் படித்தவள். வேலை, பதின்வயதினருக்கான இசை இதழுக்குப் பக்கம் வடிவமைப்பது. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிய ஒரு மாதிரி வாசகி வேண்டும் என்றார் ஆசிரியர். வீட்டில் பதினாறு வயதுத் தங்கை இருக்கிறாள் என்றேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் 'சின்ன முதலாளி'.

"சின்ன முதலாளி என்னம்மா சொல்றாங்க?"

"பாட்டு வரி முழுசா வேணுமாம் சார், பெரிய எழுத்துல. விமர்சனத்துல 'அருமை, அற்புதம்'னு எழுதுறது சுத்த வேஸ்டாம். டிரம்ஸ் எப்ப வருது, குரல் எங்க உடையுதுன்னு எழுதணுமாம்."

ஆசிரியர் மேசையைத் தட்டினார். "பாத்தியா! இந்தக் காலத்துப் பசங்க ரசனையே வேற!"

மொத்த இதழையும் அப்படியே மாற்றினோம்.

(இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவள்— வேண்டாம்.)

3

இன்று காலை அட்டைக்குப் பேசியிருந்த பாடகர் கையை விரித்துவிட்டார்.

"சின்ன முதலாளியையே போட்டுடுவோம்" என்றார் ஆசிரியர். "ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி, பாட்டுல மயங்கி நிக்கிற மாதிரி. நாளைக்குக் கூட்டிட்டு வா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அறை இருட்டத் தொடங்கியிருந்தது.

"லைட்டைப் போட்டுட்டுப் பேசுக்கா" என்றாள். போட்டுவிட்டு மறுபடி சொன்னேன்.

"நிக்கிறேன். தலையாட்டினா போதும்ல?"

"உனக்கு ஒண்ணும் இல்லையாடி?"

"நிக்கலேன்னா உன் வேலை போயிடும்ல, லூசு."

அவள் பயந்தது என் வேலைக்கு. நான் பயந்தது அந்தப் படத்துக்கு. தெருவெல்லாம் ஒட்டுவார்கள். தினமும் அவள் அதைத் தாண்டி நடக்க வேண்டும்.

4

முடிவு அ: படம் பிரமாதமாக வருகிறது. இதழ் விற்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. (இதையும் அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அவள் சொல்லி மாற்றிய பக்கங்களைத் தூக்கிப் போடுகிறார். கூடவே என்னையும்.

முடிவு இ: நான்

5

இனி வருவது யோசித்தது அல்ல. நடந்தது.

ஸ்டூடியோவில் புகைப்படக்காரர் ஹெட்போனை மாட்டிவிட்டார். அவள் கண்ணை மூடினாள். தலையாட்டினாள்.

"போதும்மா, கண்ணைத் திற."

ஆட்டினாள்.

"பாப்பா, போதும்!"

ஆட்டிக்கொண்டே இருந்தாள். புகைப்படக்காரர் சிரித்தார். "பாட்டுல அப்படியே ஊறிட்டா சார்."

ஆசிரியர் சிரிக்கவில்லை. அவர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எதிலும் சொருகப்படாமல் தரையில் கிடந்தது.

"பாட்டே ஓடலையே. என்னம்மா இது, விளையாட்டா?"

கண்ணை மூடியபடி அவள் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஆசிரியர் என்ன செய்தார் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் சொன்னது இது:

"அவளுக்குக் காது கேக்காது சார்."