மேசைக்குக் கீழே ஒரு முழங்கை

"இங்க வா, உன் முழங்கை டிவியில வருது" என்று கணவர் கூப்பிட்டபோது கீழக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. இந்த மனுஷருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

உண்மையிலேயே வேறு வேலை இல்லைதான். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், வீட்டில் இருந்த குழாய், பூட்டு, கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு சுற்று கெடுத்துச் சரி செய்தார். அதுவும் தீர்ந்த பிறகு பாதிச் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினார், மொட்டை மாடியில் டிஷ் வைத்தார், பழைய தொடர்களை மட்டும் போடுகிற எச்டி சேனல் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அந்தச் சேனலில் இப்போது டாக்டரம்மா தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அது வருகிற நேரத்துக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அதில் டாக்டரம்மாவாக நடித்தவரை நிஜ டாக்டர் என்று நம்பி, கடைத்தெருவில் நாக்கை நீட்டிக் காட்டியவர்கள் உண்டு. மெக்கானிக் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தியிருந்தார். டாக்டரம்மா மேசையில் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார். எச்டி என்றால் எச்டிதான், ஸ்டெதஸ்கோப் குழாயில் இருந்த வெடிப்புகூடத் தெரிந்தது. படத்தின் அடியில், வலது ஓரத்தில், மேசைக்காலை ஒட்டி, நீலக் கட்டம் போட்ட ரவிக்கைக் கையும் அதற்குக் கீழே ஒரு முழங்கையும்.

"அது நான்தாங்க" என்றாள் கீழக்கா.

ஆறு வருஷம் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வேலை வசனம் எடுத்துக் கொடுப்பது. அன்றன்று காலையில் வசனத் தாள் மை காயாமல் வரும். டாக்டரம்மாவுக்கு முகம் தங்கம், மனப்பாடம் மட்டும் சுத்தமாக வராது. ஃபிலிம் கேமரா ஓடினால் மாவு மெஷின் மாதிரி சத்தம் போடும், தள்ளி நின்று சொன்னால் காதில் விழாது. அதனால் மேசைக்கு அடியில், கட்டிலுக்குப் பக்கத்தில், கதவுக்குப் பின்னால் என்று எங்கே இடம் கிடைத்தாலும் கீழே குந்தி, ஒவ்வொரு வரியையும் அரை மூச்சு முன்னால் அவள் சொல்லவேண்டும். கேமராமேன் தான் கண் வைத்துப் பார்க்கிற கேமராக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் காலத்து டிவிப் பெட்டிகள் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள்ளேயே முழுங்கிவிடும். கோட்டுக்கு வெளியே யானையே நின்றாலும் வீட்டில் தெரியாது என்பார். கோட்டைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் குரல் எட்டும் என்பதால் அவளும் தொட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். கீழக்கா என்கிற பெயரை யூனிட்டில் வைத்தார்கள். அது வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது படத்தை ஓரம் வெட்டாமல் அப்படியே காட்டுகிறார்கள். கோட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் உள்ளே வந்துவிட்டது.

இதில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அவளுடைய நாத்தனாரைப் பார்த்ததில்லை. மெக்கானிக்கின் தங்கை. "எங்க அண்ணி டிவியில வேலை பாக்குறாங்களாம், ஆறு வருஷமா நானும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறேன், ஒரு நாள்கூட மூஞ்சியக் காணோம்" என்று கல்யாண வீடு, காது குத்து வீடு பாக்கியில்லாமல் சொல்லிச் சிரித்தவள். தொடரின் கடைசியில் ஓடும் பெயர்களில்கூடக் கீழக்காவின் பெயர் கிடையாது. லைட்டைத் தூக்கியவருக்கு இருந்தது. காபி கொடுத்தவருக்கு இருந்தது. வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது என்று எழுதினால் டாக்டரம்மாவுக்கு மரியாதைக் குறைவாம். இத்தனைக்கும் டாக்டரம்மா நல்லவர். ஒவ்வொரு இடைவேளையிலும் குனிந்து, "கால் மரத்துப் போச்சா?" என்று கேட்பார்.

அடுத்தடுத்த வாரங்களில் முழங்கை பத்து முறை வந்தது. ஒரு முறை பாதி முதுகு. ஒரு முறை காது, தோடு சகிதம். மெக்கானிக் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

ஊரும் பார்த்துவிட்டது. 'மேசைக்கடியில் பேய்' என்று யாரோ ஒரு வீடியோ போட, அது லட்சக்கணக்கான பேரிடம் சுற்றியது. நாத்தனார் அதைச் சிரிப்பு முகங்களோடு அண்ணனுக்கு அனுப்பிவைத்தாள். அவர் போனை மறைக்கப் பார்த்தார். கீழக்கா பிடுங்கிப் பார்த்தாள்.

"சிரிக்கட்டும்" என்றாள். "பேயாவது இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்கள்ல. இவ்வளவு நாள் அதுகூட இல்லையே."

அந்த வாரமே சேனலிலிருந்து ஒரு தம்பி வந்தான். நல்ல பையன், செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். டாக்டரம்மாவைக் கௌரவித்துத் தொடரைத் திரும்ப முதலிலிருந்து போடப்போகிறார்களாம். அதற்குள் 'குறைகளை' எல்லாம் கம்ப்யூட்டரில் துடைக்கவேண்டுமாம். கீழக்கா பழைய வசனத் தாள்களை வைத்திருப்பதும், எந்தக் காட்சியில் எங்கே உட்கார்ந்தாள் என்று அவற்றில் குறித்திருப்பதும் அவனுக்கு யார் மூலமாகவோ தெரிந்திருந்தது.

"அந்தத் தாளைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா நீங்க எங்கெங்க வர்றீங்கன்னு சுலபமாத் தெரிஞ்சுடும்மா. பாத்துப் பாத்து எடுத்துடலாம்."

கீழக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அதாவது, என்னை அழிக்கிறதுக்கு நானே இடம் காட்டணும்."

"அழிக்கிறதுன்னு இல்லம்மா, சுத்தம் பண்றது."

"நான் என்ன குப்பையா தம்பி?"

அவன் நெளிந்தான். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார்.

"டப்பிங்ல என் குரலை அன்னைக்கே துடைச்சாச்சு. பேரைப் போடவே இல்ல. மிச்சம் இருக்கிறது இந்த முழங்கை ஒண்ணுதான். அதுவும் உங்களுக்கு உறுத்துதா?"

"டாக்டரம்மா பேருக்காகத்தாம்மா. அந்தப் பார்வைக்கே அவங்களுக்கு விருது குடுத்திருக்காங்க. நடுவுல இது வந்தா ஜனங்க சிரிக்கிறாங்க."

அந்தப் பார்வை என்றால் எல்லோருக்கும் தெரியும். நோயாளியின் வீட்டாரிடம் கெட்ட செய்தி சொல்வதற்கு முன் டாக்டரம்மா கண்ணைத் தாழ்த்தி மேசை ஓரத்தைப் பார்ப்பார். ஒரு மூச்சு விடுவார். பிறகு நிமிர்ந்து சொல்வார். பத்திரிகைகள் அதைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தன. பெண் பார்க்க வந்த இடத்தில்கூடச் சில பெண்கள் அதைச் செய்து பார்த்ததாகப் பேச்சு.

"அவங்க எதைப் பாத்தாங்கன்னு நினைக்கிற?" என்றாள் கீழக்கா. "என்னைத்தான். அடுத்த வரி என்னன்னு தெரியாம, எப்ப சொல்லுவேன்னு என் வாயைப் பாத்தாங்க. அதுல அவங்க முகம் அழகா இருந்துச்சு, அது அவங்க திறமை, நான் இல்லேங்கல. ஆனா என்னை எடுத்துட்டா அவங்க அங்க தரையைத்தான் பாக்கணும். தாள் தரமாட்டேன். போய்ச் சொல்லு."

தம்பி தயங்கினான். "தராட்டி, மொத்தப் படத்தையும் பெருசாக்கி மேலயும் கீழயும் வெட்டிருவாங்கம்மா. டாக்டரம்மா கொண்டையும் சேர்ந்து போயிரும், உங்களால."

"வெட்டுறது நீங்க. பழி எனக்கா? நல்லாயிருக்கு நியாயம்."

அவன் போன பிறகு அவள் பெட்டியைத் திறந்து, தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். டாக்டரம்மாவின் கொண்டையை நினைத்து வருத்தமாகத்தான் இருந்தது. தரவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

தொடர் மறுபடி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். "போன்ல எல்லாம் நம்ப முடியாது அண்ணி, என் கண்ணால பாக்குறேன்" என்று சோபாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினொரு மணிக்குப் படம் வந்தது. இதுவரை இரண்டு பக்கமும் இருந்த கறுப்புப் பட்டைகள் இல்லை, டிவி முழுக்க டாக்டரம்மா. நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை. மருந்துச் சீட்டு எழுதும் கை மணிக்கட்டோடு நின்றது. மேசைக்குக் கீழே இருந்த உலகமே போய்விட்டது.

"எங்க அண்ணி? இதுலயா? காணோமே" என்றாள் நாத்தனார், கழுத்தை நீட்டி.

மெக்கானிக் ரிமோட்டில் இருந்த எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். படம் ஒல்லியானது, குண்டானது, பச்சையானது. முழங்கை வரவில்லை. "அங்கயே வெட்டி அனுப்புறான். போன் போட்டு நாலு வார்த்தை கேக்குறேன்" என்று எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்பவே நினைச்சேன்" என்றாள் நாத்தனார்.

கீழக்கா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போய், டிவிக்குக் கீழே, வலது ஓரத்தில், சுவரில் தோளைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். முட்டி கதறியது. கதறட்டும் என்று ஒரு காலை மடக்கி, மறு காலைக் குத்திட்டு, முழங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி பண்றீங்க, எழுந்திருங்க."

"பேசாம பாரு."

மேலே, ஒரு தாயும் தகப்பனும் டாக்டரம்மாவின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். டாக்டரம்மா கண்ணைத் தாழ்த்தினார். தலையை வெட்டியவர்கள் கண்ணை வெட்ட முடியவில்லை. பார்வை மேசை ஓரத்தைத் தாண்டி, டிவியின் சட்டத்தைத் தாண்டி, நேரே கீழே வந்து நின்றது.

வசனம் எடுத்துக் கொடுப்பவர் உணர்ச்சியைக் காட்டக் கூடாது. தட்டையாக, மளிகைச் சாமான் படிப்பதுபோலச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நடிப்பவருக்கு அது ஒட்டிக்கொள்ளும். ஆறு வருஷமும் அப்படித்தான் சொன்னாள். இனிமேல் யாருக்காக அடக்கவேண்டும்? நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உங்க பொண்ணு பிழைச்சுட்டா."

"உங்க பொண்ணு பிழைச்சுட்டா" என்றார் டாக்டரம்மா.

"ஆனா அவளால இனிமே நடக்க முடியாது."

"ஆனா அவளால இனிமே நடக்க முடியாது."

"அவளைப் பாத்து யாரும் பாவம்னு சொல்லாதீங்க. என் எதிர்ல சொல்லாதீங்க."

டாக்டரம்மா ஒரு மூச்சு விட்டார். கீழக்காவைப் பார்த்தார். பிறகு, சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார்.

மெக்கானிக் போனைக் கீழே வைத்தார். கீழக்கா அடுத்த வரியைச் சொன்னாள், அதற்கடுத்ததையும் சொன்னாள். நாத்தனார் டிவியைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.