கதவுக்கு வெளியே நிற்கும் யானை

இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஜீவிதாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். ஆறு வயதுப் பெண். பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. மைசூரில் இருந்த அந்தக் குழந்தைகள் வார்டில் எல்லாருக்கும் அது தெரியும். தரை துடைக்க வரும் தேவம்மாவுக்குக்கூடத் தெரியும். ஜீவிதாவுக்கு மட்டும் தெரியாது.

யானை பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அம்மா பூவாத்தாள் அவளை ஹனூரிலிருந்து பஸ் ஏற்றியிருந்தாள். தசராவுக்காகக் காட்டு முகாம்களிலிருந்து யானைகள் அரண்மனைக்கு வந்து இறங்கியிருந்த சமயம். பொய் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. ரத்தம் எடுத்தபோது குழந்தை கத்தினாள். "யானைகிட்டப் போகோணும்னா ஊசி போட்டுக்கோணும் அம்மிணி, எல்லாரும் போட்டுக்குவாங்க" என்று பூவாத்தாள் கண் இமைக்காமல் சொன்னாள். குழந்தை உடனே அடுத்த கையையும் நீட்டினாள்.

நிம்மி அந்த வார்டுக்குப் புதிய நர்ஸ். நோயாளிகளின் வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவளுக்கு வேர்த்துவிடும். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் என்றால் பயமில்லை. அவை பதில் எதிர்பார்க்காது. ஆபரேஷன் செய்தியை ஜீவிதாவிடம் நாமே சொல்லிவிடலாமா என்று காலையில் ஹெட் நர்ஸ் ஜெசிந்தாவிடம் அவள் கேட்டதே பெரிய விஷயம்.

"பேடா, வேணாம். நாம சொல்லக் கூடாது. பெத்தவ வாயிலேருந்துதான் வரணும்," என்றாள் ஜெசிந்தா. "போன வருஷம் ஒரு பையனுக்குச் சொல்லாமலே உள்ளே அனுப்பினாங்க. தையலோட கண்ணு முழிச்சவன் அவங்க அம்மா கையைத் தட்டிவிட்டான். டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் அவகிட்டப் பேசலை. சாயங்காலத்துக்குள்ள இவ சொல்லியாகணும். லீலா மேடம் புக்கை எடுத்துக் குடு."

லீலா, நகரத்தின் அக்ரஹாரம் பகுதியிலிருந்து வாராவாரம் ஸ்கூட்டரில் வரும் ஓவியர். கட்டில்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து வரைவார். அந்தப் படங்களே, குழந்தைகளுக்குப் பதில் விலங்குகளோடு, ஆபரேஷனை விளக்கும் புத்தகங்களாகி அலமாரிக்கு வரும். ஒன்றில்கூட எழுத்து கிடையாது. வார்டில் கன்னடம், தமிழ், உருது, மலையாளம் எல்லாம் பேசுகிறார்கள். எந்தத் தாயும் தன் மொழியிலேயே கதை சொல்லட்டும் என்பது அவர் ஏற்பாடு. அலமாரியில் முயல் இருந்தது, காக்கை இருந்தது, யானைக்குட்டி இருந்தது. குழந்தைக்குப் பிடித்தது யானைதானே என்று நிம்மி யானைக்குட்டியை எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

"இதுல ஜீவிதாவுக்கு நடக்கப்போறதெல்லாம் இருக்குக்கா," என்று பூவாத்தாளிடம் தணிந்த குரலில் சொன்னாள். "நீங்களே சொல்லிருங்க."

"சொல்லீர்றனுங்க சிஸ்டர்," என்றாள் பூவாத்தாள். குழந்தையைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

பக்கத்துக் கட்டிலில் சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டே நிம்மி காதைத் தீட்டிக்கொண்டாள்.

படத்தில் குட்டி யானையும் அதன் சிநேகிதி மைனாவும் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. குட்டிக்கு மூச்சு வாங்குகிறது. மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறது. மைனா பறக்காமல் காத்திருக்கிறது.

"குட்டி தசராவுக்கு நடந்து பழகுது அம்மிணி. அதான் களைச்சுப்போச்சு."

நிம்மியின் கை நின்றது.

அடுத்த பக்கத்தில் குட்டி எடை மேடையில் நிற்கிறது. "ஊர்வலத்து யானைய எடை போடுவாங்கல்ல? டிவில பாத்தமே." குளியல் வந்தது. "ஆமா, குளிக்காம அரமனைக்குள்ள விடுவாங்களா?" பச்சை அங்கி வந்தது. "பட்டு போத்தறாங்க." சக்கரம் வைத்த கட்டில் வந்தது. "அது தேரு." முகத்தை மூடிய டாக்டர்கள் வந்தார்கள். "கூட்டத்துல தூசியில்ல? அதான் மூக்கக் கட்டியிருக்காங்க." தலைக்கு மேல் வட்டவட்டமாக எரியும் பெரிய விளக்கையும் அவள் விடவில்லை. "அரமனை வெளக்குப் போட்டுட்டாங்க பாரு!"

"ஐ!" என்றாள் ஜீவிதா.

நிம்மி அசந்துபோய் நின்றாள். ஒரு படம் தப்பவில்லை. ஒரு நொடி யோசிக்கவில்லை. பயத்தில் இருக்கும் ஒருத்தியால் இப்படிக் கதை கட்ட முடியுமா? பயத்தில் இருப்பதால்தான் முடிகிறது என்று அவளுக்குப் பட்டது.

எப்போது வந்தாள் என்று தெரியாமல் ஜெசிந்தா பின்னால் நின்றிருந்தாள். "பி.எஸ்சி. படிச்ச பொண்ணுதானே நீ?" என்று காதருகில் கிசுகிசுத்தாள். "மைசூருக்கு யானை பார்க்க வந்த குழந்தைக்கு யானை புக்கா குடுப்பாங்க? முயலைக் குடுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். முயலை எவன் ஊர்வலத்துல விடறான்?"

நிம்மிக்கு முகம் சிவந்தது. "மாத்திக் குடுக்கட்டுமா சிஸ்டர்?"

"இரு. லீலா சும்மா வரையற ஆள் இல்லை."

பூவாத்தாள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம். மூடிய கதவு. வெளியே அம்மா யானை தனியாக நிற்கிறது. அதன் தும்பிக்கை கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் நுழைந்திருக்கிறது.

பூவாத்தாள் சட்டென்று அதையும் புரட்டப் போனாள். ஜீவிதா உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இந்த அம்மா ஏன் ஊர்வலத்துக்குப் போகல?"

"கூட்டமில்ல கண்ணு. பெரியவங்கள உள்ள விடமாட்டாங்க."

"தசராவுக்குப் பெரிய யானைதானே போகும்?"

பூவாத்தாள் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து மறுபடி புரட்டப் பார்த்தாள்.

"அது கண்ணப் பாரும்மா. அழுகுது." குழந்தையின் விரல் யானையின் கண்ணுக்குக் கீழே நகர்ந்தது. சாம்பல் நிறத்துக்குள் சற்றே அடர்ந்த ஒரு கோடு. அந்தப் புத்தகத்தை நிம்மி எத்தனையோ முறை புரட்டியிருக்கிறாள். அந்தக் கோட்டை இப்போதுதான் பார்த்தாள். "நீயும் காத்தால பாத்ரூம்ல அழுதீல்ல? தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுதே. எனக்குக் கேட்டுச்சு."

வார்டில் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. ஜெசிந்தா அங்கே போய்விட்டாள். நிம்மிக்கும் ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. ஸ்டூலை இழுத்துப் பூவாத்தாளின் அருகே போட்டு உட்கார்ந்தாள்.

பூவாத்தாள் ஒரு முறை நிம்மியைப் பார்த்தாள். இன்னொரு கதை கிடைக்குமா என்று தேடுவதுபோல் படத்திலிருந்த கதவையும் தும்பிக்கையையும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளைத் தன் பக்கம் திருப்பி, மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"யானை பாக்க வரலை அம்மிணி. உன்ற நெஞ்சுக்குள்ள ஒரு ஓட்டை இருக்குது. நாளைக்குக் காத்தால டாக்டருங்க உன்னத் தூங்க வெச்சு, நெஞ்சத் தொறந்து, அத அடைக்கப் போறாங்க. நான் கதவு வரைக்குந்தான் வர முடியும்."