சிறகும் செதிளும் இல்லாதவை

1971 கோடையில் காசிமேட்டு இறாலுக்கு என்றுமில்லாத கிராக்கி. ஏற்றுமதி ஏஜென்டுகள் விடியலிலேயே ஐஸ் வண்டியோடு வந்து நின்றார்கள். உரித்துக் கொடுக்கும் வேலை சிலுவையம்மாளுக்கும் அவளோடு சேர்ந்த பெண்களுக்கும். உரிக்க நிழலும் தண்ணீரும் வேண்டும். இரண்டும் அருள்பிரகாசத்தின் கொட்டகையில் இருந்தன.

அருள்பிரகாசம் தெற்கேயிருந்து வந்த மிளகாய் மொத்த வியாபாரி. சமீபத்தில், சனிக்கிழமை ஆராதனை நடத்தும் ஒரு சபையில் சேர்ந்திருந்தார். அன்று காலை பெண்கள் கூடைகளோடு வந்தபோது கொட்டகை பூட்டியிருந்தது. அவர் வேதப்புத்தகத்தோடு வாசலில் நின்றார்.

"இனிமே இங்க இறால் கூடாது. சிறகும் செதிளும் இல்லாதது அருவருப்புன்னு லேவியராகமத்துல இருக்கு."

"இன்னா நைனா, நேத்து வரிக்கும் உள்ள உட்டுக்கினு தான இருந்த?" என்றாள் சிலுவையம்மாள்.

"அப்பம் எனக்கு வெளிச்சம் இல்ல. இப்பம் இருக்கு."

அவள் தம்பி ஜார்ஜ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். துறைமுகத்தில் குமாஸ்தா, கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவன்.

"அது பழைய ஏற்பாடு அய்யா, யூதருங்களுக்கு எழுதனது. பேதுருவுக்கு வானத்துலேந்து எல்லா ஜீவனும் ரொம்புன துப்பட்டி எறங்கல? எல்லாத்தையும் அடிச்சுத் துன்னுன்னு குரல் வரல?"

"அது மனுசங்களப் பத்தின தரிசனம்வே, இறாலப் பத்தி இல்ல. நாக்குக்கு ருசிச்ச பக்கம் ஒமக்கு வேதம், ருசிக்காத பக்கம் யூதருக்கு, அப்படித்தான? முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே வாய்தான் பேசுது."

"அந்த வாயி தாடிய வழிக்காதன்னும் சொல்லுது. உங்க மூஞ்சி பளபளன்னு கீதே!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருள்பிரகாசத்தின் முகம் சிவந்தது.

"இன்னையிலேருந்து வழிக்க மாட்டேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த ஆளிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று ஜார்ஜுக்குப் புரிந்தது.

கூடைகளில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. சிலுவையம்மாள் கோயிலுக்கு ஓடினாள். கோயில் வளாகத்தில் மர நிழலும் கிணறும் உண்டு. பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"லேவியராகமச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாதும்மா. ஆண்டவர் வந்ததோட அது முடிஞ்சுபோச்சு. நீ தாராளமா இறால் விக்கலாம், சாப்பிடலாம்."

"அப்போ இந்த மரத்தாண்ட குந்திக்கிறோம் சாமி."

"இங்கேயா? நாத்தம் வருமே. சாயங்காலம் பூசைக்கு வர்றவங்க என்ன சொல்வாங்க?"

"அந்தாளு புஸ்தவத்தக் காட்டித் தொரத்துனான் சாமி. நீங்க மூக்கப் புட்ச்சிக்கினு தொரத்துறீங்க."

"வார்த்தையை அளந்து பேசு" என்று சொல்லிவிட்டுச் சாமியார் உள்ளே போனார்.

பெண்கள் கடலோரக் கல்லின்மேல் வெயிலில் உட்கார்ந்து உரித்தார்கள். ஒரு கூடை முடிவதற்குள் மற்றவற்றில் இறால் தலை கறுத்துவிட்டது. ஏஜென்ட் காஜா மொய்தீன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, கூடையிலேயே போட்டார்.

"கெட்டுப்போச்சும்மா. எண்ணூர்ல வேற ஆளுங்க இருக்காங்க. நெழல் கெடச்சா சொல்லியனுப்புங்க."

வண்டி போய்விட்டது. சிலுவையம்மாள் ஒரு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமாக நடந்தாள். கறுப்புத் தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. கொட்டகை வாசலில்தான் கொட்டப்போகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அருள்பிரகாசமும் அப்படித்தான் நினைத்தார், ஓரடி பின்வாங்கினார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

கோயில் முன்படியில் கூடையைக் கவிழ்த்தாள். பின்னாலேயே ஓடிவந்த ஜார்ஜ் அவள் கையைப் பிடித்தான்.

"இன்னாக்கா பண்ற? கோயிலு!"

"சாப்புடலாம்னு சாமி சொன்னாரு இல்ல? வந்து துன்னச் சொல்லு."