தலைக்கு மேல் சுழன்ற சட்டை

மீனவன் வெற்றிக்குக் கடலில் இருக்கிற தைரியம் மலையில் இல்லை. அதை அவன் வாய் ஒப்புக்கொள்ளாது, முழங்கால் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் வந்து காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வீட்டில் சும்மா உட்கார்ந்து பெண்டாட்டியிடம் பேச்சு வாங்குவதைவிட மலை ஏறுவது மேல் என்று கிளம்பியவர்களில் அவனும் ஒருவன். எர்ணாவூர் செங்குட்டுவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை வேனில் ஏற்றி, ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலைக்காட்டுக்குள் கூட்டிப் போகிறவர். உள்ளே ஓர் ஏரி இருக்கிறது, அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரியும் என்று ஆசை காட்டியிருந்தார். வெற்றியோடு வந்தவன் நிலவன். இரண்டு பேருக்கும் ஒரே படகில் வேலை, முகத்துவாரக்குப்பத்தில் ஒரே தெரு.

ஏறும்போது நிலவனின் வாய் சும்மா இருக்கவில்லை. காய்ந்த ஓடை வழியாகத்தான் பாதை. பாறைமேல் கால் வைத்து, வேரைப் பிடித்து, மூங்கில் புதருக்குள் குனிந்து போக வேண்டும். ஆடுகிற படகில் கைப்பிடி இல்லாமல் நிற்கிற வெற்றி, ஆடாத பாறையில் வழுக்கி, தேங்கிக் கிடந்த குட்டையில் பொத்தென்று உட்கார்ந்தான். நிலவன் அதை வீடியோ எடுத்தான். குப்பத்து வாட்ஸப் குரூப்பில் போடப்போவதாக எல்லோருக்கும் அறிவித்தான். எல்லோரும் சிரித்தார்கள். வெற்றியும் சிரித்தான், ஆனால் மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

இத்தனைக்கும் அந்த நிலவன்தான் தன் தோளில் கிடந்த கிளிப்பச்சைத் துண்டை எடுத்து, தொடைச்சிக்க மாமு என்று அவன் மேல் போட்டான்.

ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் நிலவன் பாதையை விட்டு விலகினான். மேலே பாறை முகட்டில் ஏறினால் ஏரி முழுசாகத் தெரியும், அங்கிருந்து வீடியோ எடுத்துவிட்டு இறங்கி வருகிறேன் என்றான். செங்குட்டுவன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள். மற்றவர்கள் ஓடையோடு நடந்தார்கள். கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வெற்றி வந்து சேர்ந்தபோது, முன்னால் வந்தவர்கள் பாறை வளைவுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் மரம், நடுவில் பச்சைத் தண்ணீர். உப்பு இல்லாத இவ்வளவு தண்ணீரை அவன் பார்த்ததில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் நின்று காலை நனைத்தான். ஜில்லென்று இருந்தது.

அப்போது நிமிர்ந்து பார்த்தான். முகட்டில் நிலவன். உட்கார்ந்த வாக்கில், சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுக்கடலில் ஒருவன் துணியைத் தலைக்கு மேல் சுற்றினால், பார்த்தவன் யாராக இருந்தாலும் போக வேண்டும். வலை கடலில் கிடந்தாலும் அறுத்துவிட்டுப் போக வேண்டும். சுற்றுகிறவன் நேற்று நம்மை அடித்தவனாக இருந்தாலும் போக வேண்டும். ஒயர்லெஸ், செல்போன் எல்லாம் வந்த பிறகும் இது மாறவில்லை. போகாதவனை அதற்கப்புறம் எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிற தாமோதரன் ஒரு காலத்தில் நல்ல படகு டிரைவர். ஒரு நாள் துணியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டான். இன்றுவரை அவன் கால் படகில் பட்டதில்லை.

வெற்றிக்கு இது தெரியாதா? முதலில், கிண்டல் பண்ணுகிறான், நான் ஏறிவிட்டேன் பார் என்கிறான் என்றுதான் நினைத்தான். அந்த நினைப்பு ஒரு மூச்சுக்குக்கூடத் தாங்கவில்லை. விளையாட்டுக்கு ஆட்டுகிறவன் நின்றுகொண்டு ஆட்டுவான், உட்கார்ந்து சுற்ற மாட்டான். வெற்றியின் கைக்கே அது தெரிந்தது. ஆனால் கால் வலித்தது. அந்தப் பாறை செங்குத்தாக நின்றது. குட்டையில் விழுந்ததும் அந்தச் சிரிப்பும் இன்னும் காதில் இருந்தன. கொஞ்ச நேரம் சுற்றட்டுமே, வேறு யாராவது பார்ப்பார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்ததோடு நிற்கவில்லை. பஸ்ஸில் போகிறவனுக்கு டாட்டா காட்டுகிற மாதிரி கையைத் தூக்கி ஆட்டினான். பிறகு துண்டைக் கரையில் எறிந்துவிட்டு, முகட்டுக்கு முதுகு காட்டித் தண்ணீரில் இறங்கினான்.

சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது செங்குட்டுவன் நிலவன் எங்கே என்று கேட்டார். வெற்றிதான் பதில் சொன்னான். மேலே வீடியோ எடுக்கிறான், வந்துவிடுவான் என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டான். வெயில் சாய ஆரம்பித்த பிறகும் ஆள் வராததால் எல்லோரும் மேலே ஏறினார்கள்.

இரண்டு பாறைக்கு நடுவில் கால் சிக்கி, கணுக்கால் முறிந்து கிடந்தான் நிலவன். செல்போன் பள்ளத்தில் விழுந்திருந்தது. உதடு வெடித்திருந்தது, முதுகுத் தோல் வெயிலில் கன்றிப் போயிருந்தது. கத்திக் கத்திக் குரலும் போயிருந்தது. தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவன் முதலில் பார்த்தது வெற்றியைத்தான்.

இறங்கும்போது வெற்றி அவனை யாருக்கும் கொடுக்கவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு, ஏறும்போது வழுக்கின அதே பாறைகளில் வழுக்காமல் வேன்வரைக்கும் சுமந்தான். தோஸ்து என்றால் இவன்தான் தோஸ்து என்று செங்குட்டுவன் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அதைக் கேட்கக் கேட்க வெற்றிக்கு அந்த ஏரியிலேயே முழுகிச் செத்திருக்கலாம் என்று இருந்தது.

குப்பத்தில் நிலவனைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதைதான். ஏரிக்கரையில் எவனோ நின்றிருந்தான், சட்டையைச் சுற்றினதைப் பார்த்துவிட்டு டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டான், டவுன்காரப் பையன், அவனுக்கு இன்னா தெரியும் என்பான் நிலவன். நம்ம ஆளாக இருந்தால் வந்திருப்பான் என்பார்கள் வந்தவர்கள். மாவுக்கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றியும் தலையை ஆட்டுவான். வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். நிலவனின் மனைவி பவானி வேறு, வழியில் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குப் பயந்து சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தான்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், துவைத்து மடித்த பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு நிலவன் வீட்டுக்குப் போனான். சொல்லாமல் கடலுக்குப் போக அவனால் முடியவில்லை. பவானி டீ போட உள்ளே போனாள்.

"மச்சான், அன்னிக்கு ஏரிக்கரைல நின்னுகினு இருந்தது…"

நிலவன் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"தெரியும்டா. என் துண்டு எனக்குத் தெரியாதா? அது என்கிட்ட இருந்திருந்தா சட்டையக் கழட்டி முதுக வேக விட்டிருக்க மாட்டேன்."

அப்புறம் ஏன் டவுன்காரன் என்று ஊரெல்லாம் சொன்னாய் என்று வெற்றி கேட்டான்.

"வேற இன்னா சொல்றது? உண்மையச் சொன்னா நாளைக்கு நீ தாமோதரன் கூட ஐஸ் தூக்கிகினு இருப்ப. உனக்குப் புள்ளைங்க கீது."

வெற்றி அழுதான். அழுகையை நிலவன் தடுக்கவில்லை, தோளையும் தொடவில்லை. உள்ளே பவானிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான்.

"கால் சரியானா நான் வேற போட்டுல போய்க்கிறேன். உன்கூட இனிமே வரமாட்டேன்."

பவானி டீயோடு வந்து முதல் டம்ளரை வெற்றியிடம் நீட்டினாள். அவன் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, சிநேகிதனை விட்டுவிட்டு நாளைக்குக் கடலுக்குப் போகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

"கவலப்படாதீங்கண்ணே. கால் சரியான ஒடனே உங்க போட்டுக்கே கூப்ட்டுக்குங்க. நீங்க கூட இருந்தாதான் எனக்கு வூட்ல தூக்கம் வரும்."

நிலவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றி சரி என்று சொல்லி டீயைக் குடித்தான்.