ஒன்பதாவது அழைப்பு

என் மனைவி ரெனிடாவின் செல்பேசியை ஏப்ரல் கடைசியில்தான் இழுப்பறையிலிருந்து எடுத்துத் திறந்தேன். அவள் இறந்தது பிப்ரவரியில். எங்கள் ஐந்து வயது மகள் ஜூவல், அம்மாவின் படம் கேட்டாள். படங்கள் அதில்தான் இருந்தன.

சார்ஜரில் செருகியதும் ஒன்பது குரல் பதிவுகள் வந்து விழுந்தன. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. பெர்ரி தெரு தொடக்கப்பள்ளி அலுவலகம்.

"ரெனிடா, நான் வெர்லீன் பேசறேன். உன் பொண்ணுக்குக் குலுக்கல்ல இடம் விழுந்திருக்கு கண்ணு. விண்ணப்பத்துல மூணு விருப்பக் கட்டத்துலயும் எங்க பள்ளிக்கூடத்தையே எழுதி வெச்சிருக்கியே, அப்படி எழுதினா மூணு மடங்கு அதிர்ஷ்டம்னு எவ சொன்னா? ஒண்ணத்தான் எண்ணுவாங்க. சரி, விழுந்துடுச்சு. கணினியில சம்மதம்னு ஒரு பொத்தான் இருக்கும், அத அமுக்கிடு."

நான்காவது பதிவு: "பொத்தான அமுக்க இவ்ளோ நாளா? இங்க அஞ்சாம் வகுப்பு படிச்சப்பவும் நீ இப்படித்தான். எல்லாரும் வாசிக்க ஆரம்பிச்சப்புறம்தான் வயலின் பெட்டியவே திறப்ப."

ஒன்பதாவது: "இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது கண்ணு. நான் என் மேஜைகிட்டதான் இருக்கேன்."

அந்த நாள் கடந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. விண்ணப்பத்தை அவள் ஜனவரியில் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து நிரப்பினாள். 'ஒருத்தர் நம்பர் போதும்' என்று தன் எண்ணை மட்டும் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அவ்வளவு பக்கத்திலிருந்தும் குலுக்கலில் விழுந்தால்தான் இடம். வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினத்தாரான எங்களுக்குக் கதவு திறக்காத காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கென்று கட்டிய பள்ளி அது. பிறகு எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எங்கள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பேட்டைகளுக்கு அனுப்பினார்கள். வகுப்புகள் காலியாயின. மூடிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோது அதை, சிறப்புப் பாடங்களைக் காட்டி வெளிப் பிள்ளைகளையும் இழுக்கும் 'மேக்னட்' பள்ளியாக்கினார்கள். ஐந்து வயதிலேயே எல்லாருக்கும் வயலின், ஸ்பானிஷ், நடனம். புறநகர் வெள்ளைக் குடும்பங்கள் தாங்களாகவே பிள்ளைகளை மஞ்சள் பேருந்தில் ஏற்றிவிட்டன. அதன் பிறகு தெருப் பிள்ளைகளும் குலுக்கலில் நிற்க வேண்டியதாயிற்று. ரெனிடாவின் அம்மாவுக்கு அந்தக் கோபம் கடைசிவரை போகவில்லை. ரெனிடாவுக்கு இடம் விழுந்தது. வயலின் கற்றாள்.

நடைச்சுவரில் ஆண்டுவாரியாகப் படங்கள். ரெனிடா படித்து முடித்த 2002 பக்கம் நான் பார்க்கவில்லை.

மிஸ் வெர்லீன் அலுவலக மேஜைக்குப் பின்னால் இருந்தார். ரெனிடாவின் கணவன் குவின்சி என்றேன்.

"அவ எங்கப்பா? ஒன்பது தடவ கூப்பிட்டேன். எங்க ஒளிஞ்சிருக்கா?"

"இறந்துட்டா, மிஸ் வெர்லீன். பிப்ரவரி ஆறாம் தேதி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயோ. நான் அவளத் திட்டிக்கிட்டே இருந்தேனே."

"திட்டினது நல்லா இருந்துச்சு," என்றேன்.

உண்மைதான். அவள் போன பிறகு அவளை உயிரோடிருப்பவளாக எண்ணிப் பேசியவர் இவர் ஒருவர்தான்.

இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "அந்தக் குலுக்கல் வரிசைல நான் கை வெக்க முடியாதுப்பா. ஒரு தடவ வெச்சா அப்புறம் எவனெவனோ வெப்பான். மொதல்ல அடிபடறது நம்ம தெருப் புள்ளைங்கதான்." காத்திருப்போர் பட்டியலில் ஜூவலின் பெயரை எழுதினார். கிண்டர்கார்ட்டனுக்கு நான்காவது. "பள்ளிக்கூடம் திறந்து பத்தாம் நாள்தான் வராத புள்ளைங்க பேர அடிப்போம். அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு வா. சாப்பாட்டு டப்பாவோட கூட்டிக்கிட்டு வா."

பள்ளிகள் திறந்ததும் ஒன்பது நாள் ஜூவல் வேறு பள்ளிக்குப் போனாள். பத்தாம் நாள் பெர்ரி தெரு அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஒரே ஒரு பெயர் அடிபட்டது. ஒரே ஓர் இடம். பட்டியலில் முதல் குடும்பம் கிரீன்ஸ்பரோவுக்குக் குடிபோய்விட்டது. இரண்டாவது குடும்பம் வேண்டாம் என்றது. மூன்றாவது வீட்டில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிவரை அவர்களுக்கு நேரம். அதன் பிறகு நாங்கள்.

மிஸ் வெர்லீன் அரைமணிக்கு ஒருதரம் அந்த எண்ணை அடித்தார். நடுவே மூக்கில் ரத்தம் வந்த ஒருத்திக்கு ஐஸ் கொடுத்தார். தாமதமாக வந்த ஒரு தகப்பனிடம், "தலையணைய விட்டுட்டு வந்துட்டியா?" என்றார். மறுபடி அந்த எண்ணை அடித்தார்.

ஜூவல் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். எதிர்வகுப்பில் சின்னப் பிள்ளைகள் தாடைக்கடியில் வயலின் வைத்து நின்றார்கள்.

"அப்பா, அது காலைல பால்ல போட்டுத் திங்கற சீரியல் டப்பா!"

"ஆமா."

"சத்தமே வரல."

"வாயால பாடறாங்க பாரு. கீழ போடாம புடிக்கக் கத்துக்கிட்டாத்தான் நிஜ வயலின் குடுப்பாங்க."

ரெனிடா சொல்லித்தான் எனக்கு அது தெரியும். காலி டப்பாவில் அடிக்கோலை ஒட்டி, பழுப்புத்தாள் சுற்றி, வீட்டில் பெற்றோர்தான் செய்துகொடுக்க வேண்டும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். எட்டு முறை அடித்தாகிவிட்டது. காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் யாரும் எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிஸ் வெர்லீன் கடிகாரத்தையும் என்னையும் பார்த்தார். அவர் கை தொலைபேசிமேல்தான் இருந்தது.

அந்த வீட்டுச் செல்பேசியும் ரெனிடாவுடையதைப் போல எங்கேயோ ஓர் இழுப்பறைக்குள் கிடக்கலாம்.

"இன்னொரு தடவ அடிங்க," என்றேன்.

"நெஜமாவா?"

"எங்களுக்கு ஒன்பது தடவ அடிச்சீங்க."

அடித்தார். எடுத்துவிட்டார்கள்.

"ஆமாம்மா, பெர்ரி தெருதான்... இடம் இருக்கு, இன்னிக்கே... அப்படியா?... சரிம்மா, யோசிச்சே சொல்லு, நான் இருக்கேன்."

ஜூவலின் சாப்பாட்டு டப்பாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மிஸ் வெர்லீன் பதிலைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார். "அவ பொண்ணுக்கு இப்பப் போற பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி கெடச்சிருக்காளாம். அந்தப் புள்ளைய விட்டு நகர மாட்டேங்கறாளாம். இத்தன தடவ கூப்பிட்டதுக்கு உங்களுக்கு நன்றின்னா."

கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்தா, அந்தப் பொத்தான். உங்கம்மா அமுக்காதது."

ஜூவல் இரண்டு விரலால் அமுக்கினாள்.

"உன் நம்பரச் சொல்லுப்பா." சொன்னேன். அவர் தட்டச்சு செய்தார். ரெனிடாவின் எண் மேலே அப்படியே இருந்தது. "இத எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும், மிஸ் வெர்லீன்."

"சரி, இருக்கட்டும். ஆனா உன் நம்பருக்கு அடிச்சா எடுப்பியா, இல்ல நீயும் உன் பொண்டாட்டி மாதிரிதானா?"

"முதல் தடவையே எடுப்பேன்," என்றேன்.

ஜூவல் அதற்குள் எதிர்வகுப்பு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். "அப்பா, நம்ம வீட்ல காலி சீரியல் டப்பா இருக்கா?"

"பாதி இருக்கு," என்றேன். "ராத்திரிக்குத் தின்னு தீத்துடலாம்."