ஆளில்லாச் சிலுவை

"அம்மா, கீழ யாருமே இல்லன்னா இந்தச் சிலுவையெல்லாம் யாருக்காக நிக்குது?"

நபோர் இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. தொமித்திலா கள்ளி மடல்களிலிருந்து முள்ளைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"சினிமாக்காரங்களுக்காக" என்றாள்.

"அவங்கதான் போயிட்டாங்களே."

போய் விறகு பொறுக்கிக்கொண்டு வா என்று அவனை அனுப்பிவிட்டாள்.

அகுவா சார்காவில் பாதி ஊர் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டுப் போனதுதான். துராங்கோ மாநிலத்தின் அகன்ற வானமும் சிவந்த குன்றுகளும் கேமராவுக்குப் பிடித்துப்போனதால், வந்தவர்கள் தெருவையே எழுப்பினார்கள். படம் முடிந்ததும் அப்படியே விட்டுப் போனார்கள். மரத்தை வீணாக்குவானேன் என்று ஊரார் குடிபுகுந்தார்கள். வங்கி என்று எழுதிய கதவைத் திறந்தால் உள்ளே ஆடுகள் நிற்கும். தொமித்திலாவின் அடுப்படி சிறைச்சாலைப் பலகைக்குப் பின்னால் இருந்தது. ஊருக்கு வெளியே மேட்டில் சினிமாக்காரர்கள் படத்துக்காகப் போட்ட பொய் இடுகாடும் அப்படியே நின்றது. வேலி, வாசல், மரச் சிலுவைகள், அவற்றில் பிறக்காதவர்களின் பெயர்கள். நபோர் அங்கேதான் விளையாடுவான்.

மறு வருஷம் மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஓடையில் வெள்ளம் பாதையை அறுத்துப் போட்டிருந்தது. மருத்துவரும் வர முடியவில்லை, பங்குச் சாமியாரும் வர முடியவில்லை. அவன் போன பிறகு, உண்மையான கல்லறைத் தோட்டம் இருக்கும் ஊருக்கு அவனைக் கொண்டுபோகவும் முடியவில்லை. வெயில் காத்திருக்க விடவில்லை. வேலி இருக்கிறது, சிலுவை இருக்கிறது, அவனுக்குப் பிடித்த இடம் என்று ஆண்கள் மேட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தண்ணீர் வடிந்து சாமியார் வந்து பார்த்தார். எது நிஜம் எது பொய் என்று அவருக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாச் சிலுவைகளுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

தொமித்திலா அன்றைக்கு அழவில்லை. பிறகும் அழவில்லை. கை மரத்துப்போனால் அது தன் கைதான் என்று தெரியும், ஆனால் தொட்டால் தெரியாது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வருகிற படக்குழுக்களுக்குச் சோள ரொட்டி சுட்டாள், மொச்சை வேக வைத்தாள், பாத்திரம் கழுவினாள். ஒவ்வொரு குழுவும் கேமராவுக்கு ஏற்றபடி சிலுவைகளைப் பிடுங்கி இடம் மாற்றி நடும். அவர்கள் போனதும் அவள் மேட்டுக்குப் போய், ஒற்றைக் கருவேல மரத்தையும் குன்றின் பிளவையும் ஒரே நேர்கோட்டில் பார்த்து, நபோரின் சிலுவையை அவன் மேல் திரும்ப நட்டுவிட்டு வருவாள்.

சில வருஷங்கள் கழித்துத் தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர்கள் வந்தார்கள். மதியம் தட்டுகளில் மொச்சை ஊற்றிக்கொண்டிருந்தபோது பேச்சு அவள் காதில் விழுந்தது. நாளைக்குக் கதாநாயகனின் அண்ணனைப் புதைக்கும் காட்சி. இயக்குநருக்குக் குழி நிஜமாகவே ஆழமாக வேண்டுமாம். காலையில் இயந்திரம் வந்து தோண்டுமாம்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேட்டுக்குப் போனாள். நபோரின் சிலுவையைப் பிடுங்கி வேலியில் சாய்த்திருந்தார்கள். அது நின்ற இடத்தில் சுண்ணாம்பால் நீளச் சதுரம் போட்டிருந்தது.

அவள் நேரே கூக்காவிடம் வந்தாள். நபோருக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் கூக்கா. அன்று முதல் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"வாயத் தொறந்துராத, கொமாத்ரே" என்றாள் கூக்கா. "கீழ நிஜப் பொணம் கெடக்குன்னு தெரிஞ்சா இன்னைக்கே மூட்டையக் கட்டிருவாங்க. நடிக்கிறவங்களுக்குச் சாமி பயம் சாஸ்தி. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரனுங்க இவங்கள இழுத்துக்க எப்ப எப்பன்னு ஒக்காந்திருக்கானுங்க."

"அப்ப என் புள்ளைய மிஷினு தோண்டட்டுமா?"

"நான் அப்படியா சொன்னேன்?" கூக்காவின் குரல் இறங்கியது. "இந்த ஊர்ல அடுப்பு எரியறதே இவங்களாலதான. நானே மூணு படத்துல செத்திருக்கேன். அதுல ரெண்டு தடவ சரியாச் சாகலன்னு மறுபடி சாகச் சொன்னானுங்க. அந்தச் சோத்துலதான் என் வீட்டுல மூணு புள்ளைங்க வளந்துச்சு." முந்தானைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு நானும் தாய்தான், தொமி. எனக்கு ஒண்ணும் புரியல."

தொமித்திலாவுக்கும் புரியவில்லை. ஊரின் சோற்றில் மண் போடவும் மனமில்லை, மகன் மேல் இயந்திரம் ஏறவும் விட முடியாது. செபமாலையை எடுத்தாள். உதடு அசைந்ததே தவிர உள்ளே எதுவும் அசையவில்லை. கடவுள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று முழுவதும் சொல்லி முடித்தாள்.

காலையில் ரொட்டியும் காப்பியும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். அரங்க வேலைகளைப் பார்க்கும் அன்செல்மோ மட்டும் அங்கே இருந்தார். தடித்த உடம்பு, மெதுவான நடை. பெண்களை மரியாதைக்குத் தோனா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார். இயந்திரம் இன்னும் கீழே தெருவில் உறுமிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு காலையிலயா, தோனா தொமி! மிளகாய் தூக்கலா இருந்தா நேத்து மாதிரி கண்ணுல தண்ணி விட்டுருவேன், சொல்லிட்டேன்."

"தோன் அன்செல்மோ, இந்த எடத்துல என் மகன் இருக்கான்."

அவள் குரல் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல இருந்தது. அவர் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே நின்ற தன் காலை முதலில் வெளியே எடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"பேரு என்னம்மா?"

"நபோர்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஊருக்குத் தெரியும். உங்காளுங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா போயிருவீங்கன்னு..."

அவர் காப்பியை நின்றபடியே குடித்தார். பிறகு சரிவில் இறங்கி ஒரு தட்டைக் கல்லைத் தூக்கி வந்து, கோட்டின் ஓரத்தில் மேல்மண்ணை மட்டும் கையால் விலக்கி, அதைப் பதித்து மூடினார். இயக்குநர் வந்தபோது கடப்பாரையால் அதன் மேல் ஓங்கி ஒரு போடு போட்டார். டங் என்றது.

"பாறை. மிஷினோட பல்லு போயிரும்."

"நேத்து நீதானய்யா பாத்த? நேத்து பாறை ஊருக்குப் போயிருந்துச்சா?"

"என் தப்புதான்."

"உன் தப்புக்கு வெயில் காத்துக்கிட்டு நிக்குமா? இருபது வருஷம் வேல பாத்தவன், மண்ணுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியல!"

எல்லோர் முன்னாலும் திட்டு நெடுநேரம் நடந்தது. அன்செல்மோ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். குழி வேலிக்கு அப்பால் போனது. வேலியையும் பிரித்து நகர்த்த வேண்டியதாயிற்று, அரை நாள் வெயில் போயிற்று. வேலை செய்த பையன்கள் அன்று முழுக்க அவரைப் பாறை மாமா என்றே கூப்பிட்டார்கள். சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் தொமித்திலாவைக் கூப்பிட்டு இடம் கேட்டு, சிலுவையை நட்டு, சுற்றிலும் கல் வைத்து இறுக்கினார்.

கடைசி நாள் தட்டைக் கழுவிக் கொடுத்தபோது, அவராகவே சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி. செல்சோன்னு பேரு. வேல தேடி வடக்க போனான். பாலைவனத்துல எங்கயோ... ஆளும் இல்ல, எலும்பும் இல்ல. ஒரு சிலுவையாவது நடலாம்மான்னு சொன்னேன். அடியில ஆள் இல்லாம யாருக்குடா நடுறதுன்னு எங்கம்மா விட மாட்டேங்குறாங்க." தட்டை அடுக்கின் மேல் வைத்தார். "உங்களுக்கு எடமாவது தெரியுதே, தோனா தொமி."

வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

நவம்பரில் இறந்தோர் தினம் வந்தது. ஊரே பூசைக்காகப் பங்குக் கோவிலுக்குப் போயிருந்தது. கூக்கா வந்து கூப்பிட்டபோது, இடுப்பு வலி, பிறகு வருகிறேன் என்று தொமித்திலா சொல்லிவிட்டாள். உச்சி வெயிலில் கூடையோடு மேடேறினாள். நபோருக்குச் செண்டுமல்லிப் பூவும், சர்க்கரை தூவிய ரொட்டியும், ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தாள்.

பிறகு மூலையில் சாய்ந்து கிடந்த பொய்ச் சிலுவை ஒன்றைத் தூக்கினாள். அதில் பெயின்டால் எழுதிய பெயர் மழையில் கரைந்து போயிருந்தது. அதை நபோருக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் குழி பறித்து நட்டாள். பெயரைச் சுட்டு எழுத அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்திருந்த ஆணி ஆறிவிட்டது. எனவே அதன் முனையாலேயே மரத்தில் கீறினாள். எழுத்து கோணலாக வந்தது. செல்சோ.

அதற்கும் பூ வைத்தாள், ரொட்டி வைத்தாள். பாலைவனத்தில் போனவனாயிற்றே என்று இரண்டு குவளைத் தண்ணீர் வைத்தாள். அன்செல்மோவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கீழே தெருவில் ஓர் ஆடு கூட இல்லை.

"இது செல்சோவுக்காக நிக்குது, கண்ணு" என்று மகனிடம் சொன்னாள்.

ஒரு குவளை கல்லின் மேல் சாய்ந்திருந்தது. தண்ணீர் சிந்திவிடாமல் மண்ணைச் சற்று ஒதுக்கி, அதை நேராக வைத்துவிட்டு இறங்கினாள்.